குடிநீர் வரிசையில் மூன்றாவது பெண்

தொலைக்காட்சியில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் என்று தெரிந்ததும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்டது, "உங்க பெஸ்ட் ப்ரோக்ராம் எது மேடம்?" என்பதுதான். விருது வாங்கியது ஒன்று உண்டு. கோப்பை பீரோவின் மேல் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, திட்டமிட்டபடி எல்லாம் நடந்தது. உங்களுக்கு உபயோகப்படுவது வேறொன்று. ஏ.சி. கெட்டுப்போன ஒரு வாரமும், அந்த வாரத்தில் நான் கண்டுபிடித்த என்னுடைய தவறும்.

நான் வேலை பார்த்தது திருவனந்தபுரத்தில், ஒரு மலையாளச் சேனலில். வீடு கரமனையில். வீட்டுக்குள் தமிழ், கேட்டைத் தாண்டினால் மலையாளம். இங்கே நான் எழுதும் பேச்சில் பாதி அன்று மலையாளத்தில் நடந்தது. வேலை எந்த மொழியிலும் ஒன்றுதான்.

எங்கள் ஊர்ச் சூடு மதுரைச் சூடு மாதிரி இல்லை. வெயில் சுடுவதைவிட வேர்வை காயாததுதான் தொல்லை. குளித்துவிட்டுத் துவட்டும்போதே முதுகு மறுபடி நனைந்துவிடும். பங்குனி பிறந்தால் அலுவலக லிஃப்டில் வேறு பேச்சே கிடையாது. "என்ன சூடு!" என்று ஒருவர் சொல்வார். "போன வருஷம் இத்தனை இல்லை" என்று இன்னொருவர் சொல்வார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையிலும் இதே பதிலைத்தான் கேட்டேன். முந்தின வருடம் மட்டும் எப்போதுமே குளுகுளுவென்று இருந்திருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் இருந்தபோது, அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை, கட்டடத்தின் ஏ.சி. மொத்தமாக நின்றது. ஏதோ ஒரு பாகம் கொச்சியிலிருந்து வரவேண்டும் என்றார்கள். 'இன்று வந்துவிடும்' என்று தினமும் காலையில் சுற்றறிக்கை வந்தது. செய்தி வாசிப்பவர்கள் கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கேமரா தங்களுக்கு வர மூன்று வினாடி இருக்கும்போது அதை மேஜைக்கு அடியில் எறிந்தார்கள். ஒருநாள் துண்டு மேஜை விளிம்பில் தொங்கி, ஒரு தலைப்புச் செய்தி முழுக்க ஆடிக்கொண்டே இருந்தது.

கட்டடத்தில் ஒரே ஓர் அறை மட்டும் குளிராக இருந்தது. டேப் நூலகம். பழைய டேப்புகள் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும் என்று அந்த அறைக்குத் தனி இயந்திரம். மனிதர்களுக்கு வைத்த ஏ.சி. போய்விட்டது, டேப்புகளுக்கு வைத்தது ஓடியது. செவ்வாய்க்கிழமைக்குள் கணக்குப் பிரிவு, விளம்பரப் பிரிவு, மனிதவளப் பிரிவு எல்லோருக்கும் பழைய டேப்புகள்மேல் தாங்கமுடியாத ஆர்வம் வந்துவிட்டது. நூலகத்தைப் பார்த்துக்கொண்ட ராதாமணி பொல்லாதவள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஆளுக்கு அரைமணி. மடியில் லேப்டாப் உண்டென்றால் மட்டும் உள்ளே" என்று சட்டம் போட்டாள்.

எனக்கு அங்கே உண்மையிலேயே வேலை இருந்தது. சனிக்கிழமை மாலை ஆறரைக்கு என் நிகழ்ச்சி. நகரத்தின் பழைய கதைகளைப் பழைய காட்சிகளோடு சொல்லும் அரைமணி நேர நேரலை. அந்த வாரத்துக்கு விஷயம் தேடவேண்டியிருக்கவில்லை. இந்த நகரம் பார்த்த கோடைகள். அதற்கு நடுநாயகமாக ஒரு காட்சி வைத்திருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு பெரிய வறட்சி வந்தது. அப்போது தெருக்குழாய் முன்னால் குடத்தோடு பெண்கள் வரிசையாக நிற்கும் காட்சி. வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பெண், பதினெட்டு வயது இருக்கும், புறங்கையால் நெற்றியைத் துடைத்துவிட்டு நேரே கேமராவைப் பார்ப்பாள். அந்த ஒரு பார்வை போதும். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் சேனலில் யாராவது அதைப் போடுவார்கள். எங்களிடம் வாங்கி மற்றவர்களும் போடுவார்கள். இந்தமுறை முன்னோட்டத்திலும் அவள் முகத்தைத்தான் வைத்திருந்தேன். நாலு நாளாக மணிக்கு ஒருதரம் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். நூலகத்தில் நானும் எடிட்டர் ஜிஜோவும் கடைசியாக ஒருமுறை காட்சிகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேன்டீன் நடத்தும் பேச்சியம்மாள் ஒரு தூக்குவாளியில் மோரும் டம்ளர்களுமாக உள்ளே வந்தாள். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. கட்டடவேலைக்கு வந்த அப்பாவோடு சின்ன வயதில் இங்கே வந்தவள், சாலைக் கடைவீதிக்குப் பின்னால் குடியிருந்தாள். அலுவலகத்தில் எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள். கேன்டீனில் டி.வி. கிடையாது, அவள் எங்கள் சேனலைப் பார்ப்பதும் கிடையாது. "இங்க உள்ளவங்களயே நாள் முழுக்கப் பாக்கேன், வீட்டுல போயும் பாக்கணுமா?" என்பாள்.

திரையைப் பார்த்தவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"மேடம், இது நாந்தாம்லா!"

"எது?"

"அந்தா, நெத்தியத் தொடைக்கா பாருங்க, மூணாவது. இது நாந்தான். பக்கத்துல நிக்கது செல்லக்கனி. இது எங்க கெடந்துச்சு உங்களுக்கு?"

எனக்கு ஒரே சந்தோஷம். முப்பது வருடமாக ஊர் பார்த்த முகம் தினமும் எனக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது! "அந்த வறட்சியில நீங்க எந்தத் தெருவுல இருந்தீங்க? இது எந்தக் குழாய்?" என்று கேட்டேன்.

"வறட்சியா? இது ஷூட்டிங் மேடம்" என்றாள் பேச்சியம்மாள். "ஏதோ சீரியலுக்கு எடுத்தாங்க. குழாயே பொய். சுவத்துக்குப் பின்னால லாரி நின்னுச்சு, அதுலருந்து டியூப் மாட்டித் தண்ணி விட்டாங்க. எங்க தெருவுலருந்து எங்கள எல்லாம் கூட்டிட்டுப் போயி, அழுக்குச் சேலையாக் குடுத்து நிக்க வச்சாங்க. நெத்தியத் தொடச்சுட்டுக் கேமராவப் பாருன்னு சொன்னதும் அவங்கதான்."

ஜிஜோ என்னைப் பார்த்தான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கணினியில் இருந்தது ஒன்றரை நிமிடத் துண்டு மட்டும். மூல டேப்பை எடுக்கச் சொன்னேன். ராதாமணி அலமாரியிலிருந்து கொண்டுவந்து இயந்திரத்தில் போட்டாள். வரிசை, குழாய், நெற்றி, பார்வை. அதுவரை எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் ஓடவிட்டோம். யாரோ ஒருவர் "கட்!" என்று கத்தினார். வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் அடித்தாள். கேமராவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது, அது பாட்டுக்கு ஓடியது.

அப்போதுதான் டேப்பின் உறையைக் கையில் எடுத்தேன். 'வறட்சி, குடிநீர் வரிசை, நகரம்' என்று நீல மையில் எழுதியிருந்தது. எழுத்து என்னுடையது.

நினைவு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் கோடை. உறையில்லாமல் குவிந்துகிடந்த டேப்புகளுக்குப் பெயர் எழுதும் வேலையைப் புதியவள் என்று என் தலையில் கட்டினார்கள். அந்த அறையில் அன்று மின்விசிறி கூட இல்லை. ஒவ்வொன்றிலும் முதல் ஒரு நிமிடம் பார்ப்பது, பெயர் எழுதுவது, அடுத்தது. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். வெளியே நிஜமாகவே வறட்சி. திரையில் பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். வேறென்ன எழுதியிருப்பேன்?

ராதாமணிக்கும் என் எழுத்து தெரியும். உறையை என் கையிலேயே விட்டுவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பாருங்கள், அந்த நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். உறையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். பேச்சியம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். நாலு மாதத்தில் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். ஏ.சி. அறையில் எனக்கு வேர்த்துக்கொட்டியது.

பிறகு உறையையும் எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இரண்டு மேஜை விசிறிகளுக்கு நடுவே, சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"சேச்சி, இதை ஆரு அறியப்போறாங்க?"

"இப்போ நமக்குத் தெரியும்."

"நாலு நாளா ப்ரோமோ போகுது. ஸ்பான்சர் அந்த ஷாட்டுக்குப் பிறகுதான் தன் விளம்பரம் வரணும்னு சொல்லியிருக்கார். ரிட்டயர் ஆகப்போற நேரத்துல சேச்சிக்கு என்னத்துக்கு இந்தப் பிரஸ்னம்? அடுத்த வருஷத்திலிருந்து போடாம விட்டாப் போச்சு."

"அடுத்த வருஷம் இந்த டேப் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடும். அதுக்கப்புறம் யாரும் மூல டேப்பை எடுத்துப் பார்க்கமாட்டாங்க. நான் எழுதின பேர்தான் நிக்கும். நாம காட்டுறது சரித்திரம்னு சொல்லித்தான் காட்டுறோம், சார்."

அவர் விசிறியை என் பக்கம் திருப்பினார். அது அவருடைய மரியாதை. "அந்த ஷாட்டையும் அதைச் சுத்தி உள்ள பேச்சையும் எடுத்தா நடுவுல ஏழு நிமிஷம் காலி. ஆறு மணிக்குள்ள அதை நிறைக்க ஒண்ணு கொண்டுவாங்க. இல்லேன்னா இருக்கிறதுதான் போகும். சம்மதம்தானே?"

சம்மதம் என்றேன். என் கையில் எதுவும் இல்லை.

கேன்டீனுக்கு ஓடினேன். பேச்சியம்மாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வந்து, அன்னிக்கு நடந்ததை நீங்களே சொல்லுங்க" என்றேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முகம் சுருங்கிப்போனது.

"வேண்டாம் மேடம்."

"பயமா?"

"பயம் இல்ல." கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னைக்குக் கட் சொன்ன பெறவு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. எங்க தெருவுல அப்போ நெசமாவே தண்ணி இல்ல மேடம். ஆத்தங்கரையில ஊத்துத் தோண்டி, செரட்டையால கோரிக் கோரி எடுப்போம். ஒரு கொடம் நெறைய ஒரு மணி நேரம் ஆவும். ஷூட்டிங்ல பாத்தா லாரி நெறையத் தண்ணி. முடிஞ்சதும் கொடத்தக் கமத்திட்டுத் திருப்பித் தாங்கன்னு மேனேஜர் சொன்னாரு. நல்ல தண்ணிய எப்படி மேடம் கமத்த முடியும்? மொதல்ல நாந்தான் கொடத்த இடுப்புல வச்சுட்டு நடந்தேன். என்னப் பாத்து எல்லாரும் நடந்தாளுவ. அவரு பின்னாலயே வந்து தெருமுக்கு வரைக்கும் கள்ளி, கள்ளின்னு கத்துனாரு. கொடத்த மறுநாள் கொண்டு குடுத்துட்டோம். ஆனா அந்தப் பேச்சு..." அவள் நிறுத்தினாள். "எங்க வீட்டுக்காரருக்குக் கூட இதச் சொன்னதில்ல. டி.வி.யில போயி நானே சொல்லவா?"

அந்த இடத்தில் ஒரு தயாரிப்பாளர் என்ன செய்யவேண்டும் என்று எந்த வகுப்பிலும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். எனக்கு ஏழு நிமிடம் வேண்டும். எதிரே இருப்பவளுக்கு முப்பது வருட வெட்கம். அவளை வற்புறுத்தினால் காரியம் நடந்துவிடும். கேன்டீன் ஒப்பந்தம் எங்கள் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது, என்னிடம் மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. நான் உறையை மேஜையில் வைத்து, "இதுல பொய்யா எழுதினது நான். இன்னிக்கு அதைத்தான் சொல்லப்போறேன். நீங்க வரலைன்னாலும் சொல்லுவேன். ஷூட்டிங்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடுவேன், தண்ணி விஷயம் என் வாயிலேர்ந்து வராது. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

ஏழு நிமிடத்துக்கு வேறு வழி தேட ஆரம்பித்தேன். குடிநீர் வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒருவருக்குப் போன் போட்டேன். ஊட்டியில் இருந்தார், சந்தோஷமாக இருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு ஸ்டுடியோ வாசலில் பேச்சியம்மாள் நின்றாள். முகம் கழுவி, வேறு சேலை மாற்றி, தோளில் ஒரு வெள்ளைத் துண்டு.

"மேடம், பேரு போடுவீங்களா?"

"வேண்டாம்னா போடலை."

"போடுங்க. பேச்சியம்மாள்னு முழுசாப் போடுங்க."

ஒப்பனை வேண்டாம் என்றுவிட்டாள். புத்திசாலி. தொகுப்பாளன் அருணுக்குக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். ஸ்டுடியோவில் ஏ.சி. இல்லை, சத்தம் வரும் என்று விசிறியும் இல்லை. ஒப்பனை அவன் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆறரை. நாங்கள் எழுதிக்கொடுத்ததை அருண் வாசித்தான். பல வருடமாக வறட்சிக் காட்சி என்று நாங்கள் காட்டிவந்தது ஒரு தொடருக்காக எடுத்தது, பெயர் எழுதியதில் எங்களுக்கு நேர்ந்த தவறு, மன்னிக்கவும். பிறகு டேப்பின் மிச்சம் ஓடியது. பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பதினெட்டு வயதுப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், காட்சியைவிட்டு வெளியே நடந்துபோனாள். ஒவ்வொருத்தியாக அவள் பின்னால் போனார்கள். கடைசியில் பொய்க் குழாய் மட்டும் நின்றது.

பேச்சியம்மாள் பேச ஆரம்பித்தாள். பாதி மலையாளம், பாதி தமிழ். ஊற்று, சிரட்டை, லாரி, மேனேஜர் எல்லாவற்றையும் சொன்னாள். "களவுதான்னா களவுன்னே வச்சுக்கோங்க. அன்னைக்கு ராத்திரி எங்க தெருவுல எல்லாரும் சோறு பொங்கினோம்" என்றாள். இரண்டாவது நிமிடத்தில் அருணின் கண்ணுக்குள் வேர்வை இறங்கி அவன் எதிரே தெரியாமல் இமைக்கத் தொடங்கினான். அவள் பேச்சை நிறுத்தாமலே தோளிலிருந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"தொடச்சுக்கோ மோனே. நீயும் எம்புட்டு நேரம்தான் நடிப்ப?"

கட்டுப்பாட்டு அறையில் பிரிவுத் தலைவர் எழுந்துவிட்டார். "பிரேக்! பிரேக் போடுங்க!" நேரலையில் தொகுப்பாளன் துண்டால் முகம் துடைப்பது அவருக்குப் பேரிடர். ஜிஜோவின் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டுடியோவில் அருண் துண்டை முகத்தில் அழுத்தி, எடுத்து, ஒப்பனையெல்லாம் போன சொந்த முகத்தோடு, "சேச்சி, அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். அவன் கையிலிருந்த கேள்வித்தாளில் இல்லாத கேள்வி. நாலு வருடமாக அவனை எனக்குத் தெரியும். அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்பேன்.

ஏழு நிமிடம் பதினொன்றானது. ஸ்பான்சரின் விளம்பரம் கடைசியில்தான் போனது. அவர் கோபித்துக்கொண்டு போன் செய்தார். அடுத்தநாள் அவருடைய அம்மா நிகழ்ச்சியைப் பார்த்து அழுததாகச் சொல்லி, தானே மறுபடியும் போன் செய்தார். எனக்கு நிர்வாகத்திலிருந்து ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் வந்தது. விளக்கம் எழுதிக்கொடுத்தேன். கோப்பில் இருக்கும். என் விளக்கத்துக்குக் கீழே பிரிவுத் தலைவர், 'இவர் தானாக முன்வந்து சொன்னது' என்று கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். பேச்சியம்மாளின் வீட்டுக்காரர் மூன்று நாள் அவளிடம் பேசவில்லையாம். இத்தனை நாள் தன்னிடம் சொல்லாததற்கு. நாலாம் நாள், 'கள்ளி, டீ போடு' என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நான் எதிர்பார்க்காத வேறொன்றும் நடந்தது. திங்கட்கிழமை ஒரு பெண் போன் செய்தாள். "பச்சை ரவிக்கை போட்டு அஞ்சாவதா நிக்கிறது நான்." நெய்யாற்றின்கரையிலிருந்து இன்னொருத்தி. நாகர்கோவிலிலிருந்து செல்லக்கனியே பேசினாள். அந்த வாரக் கடைசியில் ஆறு பெண்கள், கொளுத்தும் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, டேப்பில் தங்களைப் பார்க்கவேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். நூலகத்தில் உட்காரவைத்து டேப்பைப் போட்டோம். நாலு தடவை போடச் சொன்னார்கள். அப்புறம் சண்டை தொடங்கியது. குடத்தோடு போய்விடலாம் என்று முதலில் சொன்னது தான்தான் என்றாள் பச்சை ரவிக்கை. மேனேஜர் கத்தவே இல்லை, பாவம், அவரே ஒரு குடம் தூக்கிவிட்டார் என்றாள் ஒருத்தி. தண்ணீரில் டீசல் நாற்றம் அடித்தது என்றாள் செல்லக்கனி. கற்கண்டு மாதிரி இருந்தது என்றாள் நெய்யாற்றின்கரைக்காரி.

நான் ஒரு கேமராவை வரவழைத்து ஓரமாக வைத்துவிட்டேன். யாரையும் நிறுத்தவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசினார்கள்.

பேச்சியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுல எது நெஜம்?" என்று கேட்டேன். தவறு செய்து சூடுபட்டவள் இல்லையா, இந்தமுறை சரியாக எழுதிவைக்க வேண்டும் என்று ஆசை.

அவள் அந்த ஆறு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாம் நெசந்தான் மேடம். ஆளுக்கு ஒரு கொடம் தூக்குனோம். அவ அவ கொடத்துல உள்ளத அவ அவ சொல்லுதா" என்றாள்.

பிறகு, கேன்டீனில் ஆளில்லை என்று டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அவசரமாகப் படியிறங்கினாள்.